எரியாத பொருளுக்குக் காப்புறுதி



தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு வகுப்பறையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சேமநிதி வாரியத்திலிருந்து கடிதம் வந்தாலும், நில அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தாலும், "வாத்தியாரிடம் காட்டிவிட்டு வா" என்பதே தோட்டத்துப் பெற்றோரின் வாக்கு. அப்படித்தான் 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பத்திரத்தின் ஓரங்கள் நீரில் ஊறி உப்பியிருந்தன.

அந்த மாதம் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கு மாநிலம் கண்ட பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். என் மாணவர் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, ஐந்து பேரை வேலைக்கு அமர்த்தி, மென்பொருள் எழுதும் தொழில் நடத்திவந்தார். சிறு மருந்தகங்களுக்கு நோயாளிகளின் பதிவேடு. சிறு தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கணக்கு. மழை நின்றபோது அலுவலகத்தில் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் வைத்திருந்த கணினிகள் யாவும் அதற்குள்.

"மூன்று வருடமாகத் தவறாமல் சந்தா கட்டியிருக்கிறேன், சார். ஒரு காசும் கிடையாது என்கிறார்களே, இது நியாயமா?" என்று கேட்டார். பத்திரத்தை வாங்கி முதலிலிருந்து படித்தேன். படித்து முடித்ததும், காப்புறுதி நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாங்கியிருந்தது தீக் காப்புறுதி. அதில் தீ உண்டு, இடி மின்னல் உண்டு, வீட்டு உபயோக எரிவாயு வெடித்தால் அதுவும் உண்டு. வெள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை.

வெள்ளம், புயல், குழாய் உடைப்பு, வாகனம் மோதுதல், கலவரம் போன்றவை தீக் காப்புறுதியோடு தாமாக ஒட்டி வருபவை அல்ல. ஒவ்வொன்றையும் நாமே கேட்டு, கூடுதல் சந்தா கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த தீக் கட்டண விதிப்படி, வெள்ளத்துக்கான கூடுதல் சந்தா ஆயிரம் வெள்ளிக்கு 86 காசு. இரண்டு லட்சம் வெள்ளிப் பொருளுக்கு ஆண்டுக்கு 172 வெள்ளி. இன்று இத்தொகை இடத்துக்கு இடம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். ஆனால் அன்று என் மாணவர் இழந்த பொருளுக்கும் சேமித்த பணத்துக்கும் இடையே இருந்த தூரம் இவ்வளவுதான். அவர் அதை வேண்டாமென்று சொல்லவும் இல்லை. வேண்டுமா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

சரி, வெள்ளத்தையும் சேர்த்திருந்தால் அவருடைய இழப்பு முழுவதும் கிடைத்திருக்குமா? இதைத்தான் இன்று நாம் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அன்று நனைந்தது ஏறக்குறைய நாற்பதாயிரம் வெள்ளிப் பொருள். நனையாமலே போனதோ அதைவிடப் பெரிது. மூன்று வாரம் வேலை நின்றது. ஒரு மருந்தகத்தின் பதிவேட்டுக்கு வேறு பிரதி இல்லாததால் அதை மீண்டும் தட்டச்சு செய்ய ஆள் வைக்க நேர்ந்தது. குறித்த நாளில் கொடுக்கிறேன் என்று ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்த வாக்கு தவறியது. இவை எரியக்கூடிய பொருள்களா? நனையக்கூடிய பொருள்களா? சிறு தொழில்நுட்ப நிறுவனத்தின் சொத்தில் பெரும்பகுதி அறைக்குள் இல்லை. அது நேரத்திலும் தரவிலும் கொடுத்த வாக்கிலும் இருக்கிறது. நாம் வாங்கும் பத்திரமோ அறைக்குள் இருக்கும் மேசை நாற்காலிக்கு எழுதப்பட்டது.

பினாங்கு இத்தொழிலுக்குப் புதிய இடமன்று. பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன்னுடைய முதல் தொழிற்சாலையை அங்கே, நெல் விளைந்த நிலத்தில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1975-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், அந்தத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. இன்டெல் மீண்டும் கட்டி எழுந்தது; இன்றும் இங்கே இருக்கிறது. உலகில் பல இடங்களில் கிளை விரித்த நிறுவனத்துக்கு ஓரிடத்தில் விழுந்த அடியைத் தாங்கும் வலு உண்டு. ஒரே அறையில் ஆறு பேர் நடத்தும் நிறுவனத்துக்கு அந்த அறைதான் தலைமையகம், கிளை, கிடங்கு எல்லாம். ஆகவே காப்புறுதியைப் பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய நிறுவனமே கூர்ந்து படிக்கவேண்டும். நடப்பில் இது தலைகீழாகவே இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஒரு பிரிவே வேலை செய்கிறது. சிறிய நிறுவனத்தில் முதலாளி பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்திடுகிறார்.

முதலில் அறைக்குள் இருக்கும் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். கணினிக்கென்றே மின்னணுக் கருவிக் காப்புறுதி என்று தனிப் பத்திரம் இருக்கிறது. தீ, நீர், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, கை தவறிக் கீழே விழுதல் எனப் பல காரணங்களால் கருவிக்கு ஏற்படும் சேதத்தை இது ஏற்கும். வழக்கமாக இதற்கு மூன்று பகுதிகள். முதலாவது கருவிக்கு. இரண்டாவது, தரவு பதிந்துள்ள தட்டு முதலியவற்றுக்கும் அத்தரவை மீண்டும் ஏற்றுவதற்கு ஆகும் செலவுக்கும். மூன்றாவது, கருவி பழுதான காலத்தில் வேறு கருவியை வாடகைக்கு எடுத்து வேலையைத் தொடர்ந்தால் ஆகும் அதிகச் செலவுக்கு. பலர் சந்தாவைக் குறைப்பதற்காக முதல் பகுதியை மட்டும் வாங்கிவிட்டு வருகிறார்கள். மென்பொருள் நிறுவனத்துக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் உயிர். இதில் இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டாம் பகுதி பணம் தருவது, தட்டுக்குச் சேதம் நேர்ந்து அதனால் தரவு போயிருந்தால்தான். தட்டு நன்றாக இருக்க, நச்சுநிரல் புகுந்து தரவை அழித்துவிட்டால், சேதமான பொருள் எங்கே என்று கேட்பார்கள்.

திருட்டுக்கு வருவோம். திருட்டுக் காப்புறுதி என்ற பெயரைப் பார்த்துவிட்டு எந்தத் திருட்டுக்கும் பணம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ வன்முறையாக உள்ளே நுழைந்த அடையாளம் இருக்கவேண்டும் என்பது அப்பத்திரங்களின் வழக்கமான விதி. பட்டப்பகலில் நல்ல சட்டை அணிந்து ஒருவர் வந்து, யாரையோ பார்க்க வேண்டுமென்று சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த மடிக்கணினியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனால் அது இவ்விதிக்குள் அடங்காது. மடிக்கணினி அலுவலகத்துக்கு வெளியே, காரில் தனியாக இருந்தபோது காணாமற்போனாலும் சிக்கல்தான். வெளியே கொண்டுபோகும் கருவிகளுக்கென்று சொல்லித் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய அதற்குக் காப்பு இல்லை.

எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி எடுப்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. சராசரி விதி என்று இதைச் சொல்வார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கருவிகளின் மதிப்பு 2,00,000 வெள்ளி. சந்தாவைக் குறைக்க எண்ணி 1,00,000 வெள்ளிக்கு மட்டும் எடுக்கிறீர்கள். ஒரு விபத்தில் 60,000 வெள்ளிச் சேதம். ஒரு லட்சத்துக்கு எடுத்திருப்பதால் அறுபதாயிரமும் வந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. மதிப்பில் பாதிக்குத்தான் காப்புறுதி எடுத்தீர்கள். ஆகவே சேதத்திலும் பாதியே கிடைக்கும். 30,000 வெள்ளி. மீதிப் பாதிக்கு நீங்களே உங்கள் காப்புறுதியாளர் என்பது இவ்விதியின் கருத்து. அதிலிருந்தும், ஒவ்வொரு சேதத்திலும் முதலில் நாமே ஏற்கவேண்டிய ஒரு தொகையைக் கழிப்பார்கள். மேலும், பழைய கணினிக்குத் தேய்மானம் போக மிஞ்சிய மதிப்பா, புதிது வாங்கும் விலையா என்பதும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். மூன்று வருடம் ஓடிய கணினிக்குத் தேய்மானம் போனால் என்ன மிஞ்சும்? புதிய பொருளின் விலைக்கு ஈடு என்ற விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அப்போது காப்புறுதித் தொகையையும் புதிய விலைக்கே உயர்த்தவேண்டும். இல்லையென்றால் சராசரி விதி மீண்டும் வந்து நிற்கும்.

இனி, அறைக்கு வெளியே இருப்பவற்றைப் பார்ப்போம். முதலாவது நேரம். வேலை நின்ற நாள்களில் வராமற்போன வருமானத்துக்கும், அப்போதும் கொடுத்தே தீரவேண்டிய வாடகைக்கும் சம்பளத்துக்கும் தொடர் இழப்புக் காப்புறுதி என்று ஒன்று உண்டு. இது தனியாக நிற்காது. பொருட்காப்புறுதியின் தோள்மேல் ஏறி நிற்கும். அதாவது, அந்த இடத்தில் பொருளுக்குச் சேதம் நேர்ந்து, அச்சேதத்தை அடிப்படைப் பத்திரம் ஏற்றுக்கொண்டால்தான் இது வாய் திறக்கும். வெள்ளத்தைச் சேர்க்காத பத்திரத்தின்மேல் தொடர் இழப்பை ஏற்றினால், வெள்ளத்தால் நின்ற வேலைக்கு ஒன்றும் கிடைக்காது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல தொழில்கள் நின்றன. ஆனால் கட்டடம் நின்ற இடத்தில் நின்றது, கருவிகளும் நலமாகவே இருந்தன. ஆகையால் சாதாரணத் தொடர் இழப்புப் பத்திரங்கள் அதற்குக் கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் இதே பிரச்சினை உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த தீர்ப்பு பெரும்பாலும் தொழில் நடத்துவோருக்குச் சாதகமாக அமைந்தது. அவர்களுடைய பத்திரங்களில் தொற்றுநோயையும் அரசாங்கத் தடையையும் குறிக்கும் தனி விதிகள் இருந்ததே அதற்குக் காரணம். ஒரு வரி இருப்பதும் இல்லாததும் இப்படித்தான் தொழிலின் தலைவிதியாகிறது.

நம் இடத்துக்கு ஒன்றும் ஆகாமல், பிறர் இடத்தில் நேர்ந்த விபத்தால் நம் வேலை நிற்பதும் உண்டு. 2011-ஆம் ஆண்டுத் தாய்லாந்து வெள்ளத்தில் கணினித் தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகமெங்கும் அந்தத் தட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. நமக்குப் பொருள் தருபவர், நம் பொருளை வாங்குபவர் ஆகியோரின் இடத்தில் நேரும் சேதத்தையும் தொடர் இழப்பில் சேர்க்கலாம். யார், எந்த இடம் என்று குறிப்பிட வேண்டிவரும்; அவ்வளவே.

இரண்டாவது, வாக்கு. இன்றைய பேச்சில் இதுதான் முதுகெலும்பு என்பேன்.

என் மாணவர் மீண்டும் எழுந்து நின்றபின், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு வேலை செய்து கொடுக்கப் போனார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா?" என்பது. "இருக்கிறது" என்று பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழை நீட்டினார். "இது இல்லை, தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும்" என்றார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று என்னிடம் கேட்டார். ஒன்றல்ல.

உங்கள் பணியாளர் ஏணியைச் சாய்த்துவிட்டு, வந்திருந்த ஒருவரின் கால் முறிந்தால், அல்லது தொழிற்சாலையின் கண்ணாடி உடைந்தால், அதைப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஏற்கும். உடலுக்குக் காயம் அல்லது பொருளுக்குச் சேதம், இவ்விரண்டே அதன் எல்லை. நீங்கள் எழுதிய நிரலில் ஒரு பிழை. அதனால் சரக்குக் கணக்கு தவறி, தொழிற்சாலை தேவையில்லாத பொருளை ஐம்பதாயிரம் வெள்ளிக்கு வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காயமில்லை, எதுவும் உடையவில்லை, நட்டம் மட்டும் ஐம்பதாயிரம். பொதுப் பொறுப்புப் பத்திரம் இதைத் திரும்பியும் பார்க்காது. மென்பொருள் எழுதுவோரின் தவறு பெரும்பாலும் இத்தகையது. தொழில் ஆலோசனையிலும் வேலையிலும் நேர்ந்த கவனக்குறைவால் பிறருக்கு ஏற்பட்ட பண நட்டத்தையும், வழக்காடும் செலவையும் ஏற்பதுதான் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி. மருத்துவர்களுக்கும் வழக்குரைஞர்களுக்கும் உரியதென்று நாம் நினைத்திருந்த இப்பத்திரம் இன்று ஐந்து பேர் கொண்ட கணினி நிறுவனத்துக்கும் வேண்டியதாகிவிட்டது.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. தீ விபத்தில், தீப்பிடித்த நாளில் பத்திரம் உயிரோடு இருந்தால் போதும். தொழில்முறைப் பொறுப்பில் அப்படியன்று. எதிராளி உங்கள்மேல் கோரிக்கை எழுப்பும் நாளில் பத்திரம் உயிரோடு இருக்கவேண்டும். 2023-இல் எழுதிய நிரலின் பிழை 2025-இல் வெளிப்பட்டு, 2025-இல் உங்களுக்குக் கடிதம் வந்தால், 2025-ஆம் ஆண்டுப் பத்திரமே பேசும். வேலை முடிந்துவிட்டது, இனி எதற்குச் சந்தா என்று நிறுத்திவிட்டால் பழைய வேலைக்கும் காப்பு போய்விடும். அத்தோடு, பத்திரத்தில் ஒரு முன்தேதி குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு முன் செய்த வேலைகளை அது ஏற்காது. நிறுவனத்தை மாற்றும்போது புதியவர் அந்தத் தேதியை இன்றைய தேதியாக எழுதிவிட்டால், முந்தைய ஆண்டுகள் யாவும் வெட்டவெளியில் நிற்கும். சந்தா குறைகிறது என்று மகிழ்ந்து மாறுகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

அடுத்தது, சட்டம் உங்கள்மேல் சுமத்தும் பொறுப்பைத்தான் காப்புறுதி ஏற்கும். நீங்களே வலியப் போய் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பை ஏற்காது. "ஒரு நாள் தாமதத்துக்கு ஆயிரம் வெள்ளி அபராதம்" என்ற வரியில் கையெழுத்திட்டால் அது உங்கள் சொந்தக் கணக்கு. மூன்றாவது, எந்த நாட்டில் வழக்கு நடந்தால் ஏற்கும் என்ற எல்லை. அமெரிக்காவையும் கனடாவையும் விலக்கி வைப்பது வழக்கம். ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்துகொண்டு சிகாகோ நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் பத்திரத்தின் இந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

ஒரு நிரல் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால் உலகில் ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் முடங்கின. நம் நாட்டில் ஏர் ஏசியா பயணிகள் விமான நிலையத்தில் காத்துக் கிடந்தார்கள். இழப்பீடு தர முடியுமா என்று ஆராயும்படி இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ அந்நிறுவனத்தையும் மைக்ரோசாப்டையும் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் வழக்கே தொடுத்தது. பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது பெரிய மென்பொருள் நிறுவனங்களின் வழக்கம். சிறியவர்களோ வாடிக்கையாளர் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்திடுகிறார்கள். நீங்கள் பெறும் கூலிக்கு இத்தனை மடங்குக்குமேல் பொறுப்பில்லை என்று ஒரு வரி எழுதக் காசு செலவில்லை. அதுவும் ஒருவகைக் காப்புறுதியே.

மூன்றாவது, தரவு. மருந்தகத்துப் பதிவேட்டில் யாருக்கு என்ன நோய் என்று எழுதியிருக்கிறது. அது வெளியே போனால் என்னவாகும்? 2017-ஆம் ஆண்டில் மலேசியாவில் நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி நினைவிருக்கலாம். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து, தரவு கசிந்தால் அதற்குப் பொறுப்பானவர் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். பெருந்தீங்கு நேரக்கூடுமானால் உரியவர்களுக்கும் ஏழு நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். இந்தக் கடமை மருந்தகத்துடையது. ஆனால் தரவை அவர்களுக்காக வைத்திருக்கும் என் மாணவர் போன்றோரும், அதைப் பாதுகாக்கும் கடமையில் இப்போது நேராகவே சட்டத்துக்கு உட்பட்டவர்கள். மருந்தக உரிமையாளர் இரவு பத்து மணிக்கு முதலில் யாரைத் தொலைபேசியில் அழைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இணையக் காப்புறுதி என்பது இதற்காகப் பிறந்தது. எப்படிப் புகுந்தார்கள் என்று துப்பறியும் நிபுணருக்குக் கூலி, தரவை மீட்கும் செலவு, உரியவர்களுக்கு அறிவிக்கும் செலவு, நின்ற வேலைக்கு ஈடு, பிறர் தொடுக்கும் வழக்கு ஆகியவற்றை ஏற்கும். விலகல்களும் நீளம். கணினிகளைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கேள்வி கேட்பார்கள். அரசாங்கம் விதிக்கும் அபராதத்தைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். போலி மின்னஞ்சலை நம்பி நீங்களே வேறொருவர் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டால், அதற்குச் சிறு வரம்பே இருக்கும். சில பத்திரங்களில் அதுவும் இல்லை. இத்தகைய மோசடி நேர்ந்த உடனே முதலில் செய்யவேண்டியது 997 என்ற எண்ணுக்கு அழைப்பது. காப்புறுதிப் பத்திரத்தைப் பிறகு தேடலாம்.

போர் விலக்கு என்று ஒரு விதி பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. மென்பொருளுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2017-ஆம் ஆண்டு ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சுநிரல் உக்ரேனில் தொடங்கி உலகெங்கும் பரவியது. மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் தனக்கு 140 கோடி டாலர் இழப்பு என்றது. இது ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் ஏவியது, ஆகவே போர்ச்செயல், பணம் தரமாட்டோம் என்று காப்புறுதியாளர்கள் வாதிட்டார்கள். நியூ ஜெர்சி நீதிமன்றங்கள், மேல்முறையீட்டிலும்கூட 2023-இல், மெர்க் பக்கமே தீர்ப்பளித்தன. 2024 ஜனவரியில் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஆனால் அதற்குள் லண்டன் லாயிட்ஸ் சந்தை, நாடுகள் ஏவும் இணையத் தாக்குதலை விலக்கும் விதியைத் தன்னிடம் எழுதப்படும் இணையக் காப்புறுதிகளில் 2023 மார்ச் இறுதியிலிருந்து கட்டாயமாக்கிவிட்டது. வழக்கில் ஒருவர் வென்றார். பத்திரத்தில் வரி மாறிவிட்டது. அடுத்து வருகிறவர் புதிய வரியைத்தான் படிக்கவேண்டும்.

பணியாளர்களுக்கான பெர்கேசோ பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே ஒரு பணியாளர் இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். அது நம் விருப்பத்தைச் சார்ந்ததன்று. இஸ்லாமிய முறையிலான தக்காஃபுல் திட்டங்களிலும் மேற்சொன்னவற்றில் பல உண்டு. எல்லா இனத்தவரும் சேரலாம்.

இவ்வளவையும் வாங்கினாலும் ஒன்றைச் செய்யாவிட்டால் எல்லாம் வீண். அது, சொல்லவேண்டியதைச் சொல்லுதல். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை இங்கே இரண்டு வகை மனிதர்களைப் பிரித்துப் பார்க்கிறது. தன் வீட்டுக்கோ குடும்பத்துக்கோ காப்புறுதி எடுப்பவர், கேட்ட கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். தொழிலுக்காக எடுப்பவருக்கு அப்படியன்று. காப்புறுதியாளர் முடிவெடுப்பதற்குத் தேவையானது என்று தமக்குத் தெரிந்த எதையும், அவர்கள் கேட்காவிட்டாலும், தாமே சொல்லவேண்டும். மேல்மாடியில் மரத்தளம் இருக்கிறதா? பக்கத்துக் கடை சமையற்கடையாக மாறிவிட்டதா? ஓர் அறையில் மின்கலங்களைக் குவித்து வைத்திருக்கிறீர்களா? சென்ற ஆண்டு ஒருமுறை தண்ணீர் புகுந்ததா? ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பவை. அண்டை வீட்டு அடுப்பும் நம் பத்திரத்தின் விஷயமே. "முகவரிடம் வாயால் சொன்னேன்" என்பது பின்னாளில் நிற்காது. எழுத்தில் அனுப்பி, அனுப்பியதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சந்தாவையும் காலத்தில் கட்டுங்கள். பொதுவாக இத்தகைய பத்திரங்களில் தொடக்க நாளிலிருந்து 60 நாளுக்குள் சந்தா போய்ச் சேராவிட்டால் பத்திரம் தானாகவே இரத்தாகிவிடும் என்ற நிபந்தனை இருக்கும்.

என் மாணவரால் எல்லாவற்றையும் வாங்க முடிந்ததா? முடியவில்லை. சிறு தொழில், கையில் இருந்ததை எண்ணித்தான் செலவிடவேண்டும். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணினி ஒன்று போனால் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம் என்றார். ஆகவே கருவிகளில் முதலில் தாமே ஏற்கும் தொகையை உயர்த்தி, சந்தாவைக் குறைத்தார். வெள்ளத்தைச் சேர்த்தார். ஒரு வழக்கு வந்தால் நிறுவனமே இருக்காது என்பதால் தொழில்முறைப் பொறுப்பை வாங்கினார். இணையக் காப்புறுதியை அந்த ஆண்டு விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகத் தரவின் பிரதியை நாள்தோறும் வேறோர் ஊரில் சேமிக்க ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டில் அதையும் சிறு தொகைக்கு எடுத்தார். கணினிகளை மேல்மாடிக்கு மாற்றினார். எனக்கு அதில் மனநிறைவு. சிறு நட்டத்தைத் தாங்கிக்கொண்டு, தொழிலையே சாய்த்துவிடக்கூடிய நட்டத்துக்குப் பணம் கட்டுவதே காப்புறுதியின் சரியான வரிசை என்பது என் கருத்து. நம்மில் பலர் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குக் காப்புறுதி எடுக்கிறார்கள், கொடுத்த வாக்குக்கு எடுப்பதில்லை.

கோரிக்கை மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். முதலில் அந்நிறுவனத்தின் முறையீட்டுப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதிலும் நிறைவில்லையென்றால் நிதிச் சந்தை நடுவர் சேவைக்குக் கொண்டுபோகலாம். முன்பு நிதிச் சேவை நடுவர் அலுவலகம் என்று இருந்தது, 2025 ஜனவரி முதல் இப்பெயரில் இயங்குகிறது. தனிநபர்கள் மட்டுமின்றிச் சிறு தொழில் நடத்துவோரும் அங்கே செல்லலாம், முறையிடுபவருக்குக் கட்டணமில்லை. ஆனால் இறுதி முடிவுக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அந்தக் கடிதத்தின் தேதியை முதலில் ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள், பிறகு கோபப்படலாம்.